வேலையை விட்டதற்காகப் பார்த்த டெல்லி

நான் டெல்லியைப் பார்த்தது ஒரு பொய்யின் புண்ணியத்தில். பட்டாசு வேலையை நான் விட்டுவிட்டேன் என்று என் மகன் நம்பிக்கொண்டிருந்தான். அந்தச் சந்தோஷத்தில்தான் எங்களைக் கூட்டிக்கொண்டு போனான். நானோ ரயில் ஏறுவதற்கு முதல் நாள் சாயங்காலம்வரை வேலைக்குப் போய் வந்தவள். இதை எழுதும்போதே எனக்குக் காது சூடாகிறது.

எம். புதுப்பட்டியில் எங்கள் வீடு. பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். "ஆபீசுக்கு நேரமாச்சு" என்று நான் கிளம்பியதைப் பார்த்து, சென்னையில் பிறந்து வளர்ந்த என் மருமகள் கல்யாணமான புதிதில் மேசை நாற்காலியெல்லாம் கற்பனை செய்துகொண்டாளாம். எனக்கு அங்கே பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து அடைக்கிற வேலை. சேலைக்கு மேல் ஓர் ஆம்பிளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சிறிய அறையில் நாலு பொம்பளைகளோடு உட்கார்ந்து, வெடிமருந்துக் கலவையை அள்ளி அள்ளிக் காகிதக் கூட்டில் அடைக்க வேண்டும். அந்தக் கலவையில் அலுமினியத் தூள் இருக்கும். சாயங்காலம் கையைப் பார்த்தால் வெள்ளிக் கையாக இருக்கும். எத்தனை சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் ஒரு கோடு மிச்சம் நிற்கும்.

பக்கத்து ஊர் ஆபீஸ் ஒன்றில் வெடித்த அன்றைக்கு மகன் சென்னையிலிருந்து பதறிக்கொண்டு போன் செய்தான். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணும் அதில் போய்விட்டாள். அன்று முழுக்க அழுதேன். "இனிமே போகாதீகம்மா, எனக்கு ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது" என்றான். சரி என்றேன். அந்த நேரத்தில் உண்மையாகத்தான் சொன்னேன். கொஞ்ச நாள் வீட்டிலேயே இருந்தேன்.

வீட்டில் இருப்பது என்றால் என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. கணவர் தன் பெட்டிக்கடைக்குப் போய்விடுவார். பதினோரு மணிக்கே சமையல் முடிந்துவிடும். அதற்கு மேல் சுவரைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் டி.வி.யைப் பார்க்க வேண்டும். இரண்டும் எனக்கு ஒன்றுதான். அறையில் என்னோடு உட்காருகிற பொம்பளைகளின் பேச்சும் சிரிப்பும் இல்லாமல் வாயில் எச்சில் ஊறுவதே நின்றுபோன மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்து போர்மேன் வந்து, "யக்கா, சீசன் ஆரம்பிச்சிருச்சு, ஆர்டர் குமிஞ்சு கெடக்கு, ஆளில்ல. ஒரு வாரம் மட்டும் வந்துட்டுப் போங்க" என்றார். ஒரு வாரம்தானே என்று போனேன். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

பணத்துக்காகப் போனேன் என்று சொன்னால் கேட்கிறவர்கள் பாவம் என்பார்கள். அதனால் உண்மையைச் சொல்கிறேன், பணத்துக்காகப் போகவில்லை. மகன் மாதாமாதம் அனுப்புகிறான். எனக்கு அந்த வேலை பிடிக்கும். அதில் நான் வேகம். எங்கள் அறையில் என் கைக்கு ஈடு கிடையாது, அந்தத் திமிர் எனக்கு உண்டு.

ஆபீசுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் என் போன் பகலில் கணவரிடம்தான் இருக்கும். எங்காவது ஓர் ஆபீசில் வெடித்தது என்று செய்தி வந்தால் போதும், மகன் உடனே கூப்பிடுவான். "அம்மா எங்கன இருக்காக?" என்பான். "ஒங்கம்மா குளிச்சிட்டிருக்கா" என்பார் கணவர். பொய் சொல்லத் தெரியாத மனுஷர். இந்த ஒரு பொய்யைத்தான் கற்றுக்கொண்டார், அதையே எல்லா நேரத்துக்கும் வைத்துக்கொண்டார். "மத்தியானம் மூணு மணிக்கு என்னப்பா குளியல்?" என்று ஒருமுறை கேட்டிருக்கிறான். "வெயில் அம்புட்டு இருக்குடா" என்று சமாளித்தாராம். நாங்கள் இருவரும் ராத்திரி இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

மருமகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அரையாண்டு விடுமுறையில் நாலு பேரும் டெல்லி போவது என்று முடிவானது. "ரிட்டயர்டு ஆனதுக்கு அம்மாவுக்கு என் பரிசு" என்றான் மகன். போகும்போது ரயில், நாடெல்லாம் பார்த்துக்கொண்டே போகலாம். வரும்போது விமானம், அம்மா ஒருமுறையாவது ஏற வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

எனக்கு வந்த கவலையெல்லாம் நகத்தைப் பற்றித்தான். எலுமிச்சம்பழம், புளி, தேங்காயெண்ணெய் எல்லாம் தேய்த்துப் பார்த்தேன். கோடு போகவில்லை. கடைசியில் விருதுநகர் பஜாரில் மெரூன் கலரில் ஒரு நெயில் பாலிஷ் வாங்கி, வாழ்க்கையில் முதன்முறையாகப் பத்து விரலுக்கும் பூசினேன். நகத்தை விட்டு விரலெல்லாம் ஆகிவிட்டது. "என்ன, கல்யாணப் பொண்ணுக்கு மாப்பிள்ள பாத்தாச்சா?" என்று கணவர் கிண்டல் செய்தார். மருமகளுக்கோ ஒரே குஷி. "அத்தை செம ஸ்டைல்" என்று சொல்லி, ரயிலிலேயே அதைத் துடைத்து அழகாக வேறு பூசிவிடுகிறேன் என்று கையைப் பிடித்தாள். "வேணாம் தாயி, இது இருக்கட்டும்" என்று கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன். அவள் முகம் வாடிவிட்டது.

ஆபீசுக்குப் போட்டுப் போகிற செருப்பு, பை, சீப்பு எதையும் எடுக்கவில்லை. எல்லாம் புதிது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

டெல்லியில் குளிர் எலும்பைப் பிடித்து ஆட்டியது. பனிமூட்டத்தில் குடியரசுத் தலைவர் மாளிகை இருக்கிற திசையைத்தான் பார்த்தோம், மாளிகையைப் பார்க்கவில்லை. கணவர் குரங்குக் குல்லாவைப் போட்டுக்கொண்டு எல்லா போட்டோவிலும் கண் மட்டும் தெரிய நின்றார். செங்கோட்டையில் நடந்து நடந்து எனக்கு முழங்கால் வலி எடுத்துவிட்டது. மகன் எனக்காக மெதுவாக நடந்தான். படி வந்தால் கையைப் பிடித்துக்கொண்டான். "கை எம்புட்டு மெத்துன்னு ஆயிருச்சும்மா, பாத்தீகளா" என்றான். எனக்கு அந்தக் கோட்டை இடிந்து என் தலைமேல் விழக்கூடாதா என்று இருந்தது.

குதுப் மினாரில் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று எங்கள் பேச்சைக் கேட்டு ஓடிவந்து ஒட்டிக்கொண்டது. அந்த அம்மா என்னிடம், "என்ன வேல பாக்கீக?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மகன், "பட்டாசு ஆபீசுல. அந்த வேலையிலதான் என்னையப் படிக்க வச்சாங்க. இப்ப விட்டுட்டாங்க, நாந்தான் விடச் சொன்னேன்" என்றான். அப்படிச் சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்து நின்றான். அம்மா பட்டாசுக்காரி என்பதைச் சொல்ல வெட்கப்படுகிற பிள்ளையாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். நானும் பதிலுக்கு அவன்மேல் கோபப்பட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அந்த அம்மா என் தாடையைத் தொட்டு, "பிள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்றார். நான் மினாரின் உச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஊர் திரும்பும் நாள் விமான நிலையத்துக்குப் போனோம். கணவரும் மருமகளும் சோதனை முடிந்து உள்ளே போய்விட்டார்கள். என் கைப்பையை மட்டும் தனியாக எடுத்து வைத்தார்கள். உள்ளே முறுக்கும் சேவும் இருந்ததால் அதற்காக இருக்கும் என்று நினைத்தேன். சீருடை போட்ட ஒரு பெண் பையிலிருந்ததை ஒவ்வொன்றாக எடுத்தாள். என் பர்ஸ் வந்தது. ஒரு வெள்ளைத் துண்டால் அதன்மேல் துடைத்து, அந்தத் துண்டை ஒரு சின்ன மெஷினுக்குள் செருகினாள். மெஷின் சிவப்பு விளக்கைப் போட்டுக் கத்தியது.

பர்ஸ். அதை மறந்துபோனேன். தினமும் இடுப்பில் செருகிக்கொண்டு வேலை செய்கிற பர்ஸ். டீ நேரத்தில் வடை வாங்க மருந்துக் கையோடு திறந்து மூடுகிற பர்ஸ். செருப்பு முதல் சீப்பு வரை மாற்றியவள், இதை என் உடம்பில் ஒன்றாக நினைத்தோ என்னவோ, அப்படியே கொண்டுவந்திருந்தேன்.

அந்தப் பெண் என் உள்ளங்கையைத் துடைத்தாள். மறுபடியும் சிவப்பு. இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். மகன் சிரித்துக்கொண்டே ஓடிவந்தான். வெடிமருந்தைக் கண்டுபிடிக்கிற மெஷின் அது என்று என்னிடம் சொல்லிவிட்டு, "பயப்படாதீகம்மா, நான் பேசிக்கிறேன்" என்றான்.

அவன் இங்கிலீஷில் விளக்கினான். அம்மா சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆபீசில் வேலை பார்த்தவர், விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் எட்டாவது வரை படித்தவள், ஒரு வருஷம் என்பது எனக்குப் புரிந்தது. மூத்த அதிகாரி தலையை ஆட்டினார். அவ்வளவு நாளைக்கு முந்தியது இப்படிக் கையில் இருக்காது என்றாராம். மகன் திரும்பவும் அதையே சொன்னான். அவர் திரும்பவும் கேட்டார். இந்த முறை அவர் என்னைப் பார்க்கவில்லை, என் மகனைப் பார்த்தார். பொய் சொல்கிற ஒருவனைப் பார்க்கிற பார்வை அது. அவனுடைய அடையாள அட்டையைக் கேட்டு வாங்கினார். தள்ளி உட்கார்ந்திருந்த என் கணவர் ஷூ லேசைக் கட்டத் தொடங்கினார், நிமிரவே இல்லை.

அப்போதுகூட ஒரு நிமிஷம் சும்மா நின்றேன். எப்படியாவது விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடக் கேவலமாகத் தோன்றுகிறது.

"அய்யா, போன வாரம் வரைக்கும் போனேன்யா" என்றேன் மகனிடம்.

"எங்க?"

"ஆபீசுக்கு."

அவன் என்னைப் பார்த்தான். ஏன் என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான், அப்புறம் பாலிஷ் பூசிய என் நகத்தைப் பார்த்தான். அதிகாரி, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். அதை அவன்தான் சொல்லியாக வேண்டும், எனக்குப் பாஷை தெரியாதே. திரும்பி நின்று, மெதுவான குரலில் சொன்னான். மதர், லாஸ்ட் வீக், இவை எனக்குப் புரிந்தன. கடைசியில் சாரி என்றான். பொய் சொன்னவள் நான், சாரி சொன்னவன் அவன்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாக முடிந்தது. சிவகாசி என்றால் யாருக்குத் தெரியாது. அதிகாரி முகம் இளகி, தீபாவளியைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தார். பையை இன்னொருமுறை கொட்டிப் பார்த்துவிட்டு, முறுக்குப் பொட்டலத்தை அந்தப் பெண்ணே பத்திரமாக அடுக்கித் தந்தாள். மகன் என் பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தான்.

விமானத்தில் எனக்காக மகன் கேட்டு வாங்கிய ஜன்னல் சீட். பெல்ட்டை எப்படிப் போடுவது என்று தெரியாமல் நான் தடுமாறியபோது, குனிந்து மாட்டிவிட்டான். மருமகள் எதையோ கேட்டதற்கு, "அப்புறம் சொல்றேன்" என்று மட்டும் சொன்னான். நான் திட்டுக்குக் காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. வீட்டில் சும்மா உட்கார முடியலை என்று சொல்ல வார்த்தையெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன்.

வெகு நேரம் கழித்து, "ஊருக்குப் போனதும் போவீகளா?" என்று கேட்டான்.

மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான். என் பிள்ளையை எனக்குத் தெரியும், இத்தனைக்கும் பிறகும் நம்பியிருப்பான்.

"போவேன்யா" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். முன்சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டே, "அப்ப சொல்லிட்டுப் போங்கம்மா. எந்நேரம் பயப்படணும்னாவது எனக்குத் தெரியணும்ல" என்றான்.

இப்போது தினமும் காலையில் ஆபீஸ் வாசலில் நின்று அவனுக்குப் போன் செய்கிறேன். "உள்ள போறேன்யா" என்பேன். அவன் "சரிம்மா" என்பான். அதற்கப்புறம்தான், என்னைக் கொண்டுவந்து விடுகிற கணவரிடம் போனைக் கொடுத்து அனுப்புகிறேன்.