ரெஜினா அக்காவும் ஒரு பக்கத்துச் சாம்பலும்

ரெஜினா அக்கா இறந்த செய்தி எங்கள் திருவொற்றியூர் அலுவலகத்துக்குப் போனில் வந்தது. "மஞ்சக்காமாலையாம், போயிட்டா" என்றார் முதலாளி. ரிசீவரை வைத்த கையோடு, "எண்ணூர் குடோன் கணக்கை இனிமே தகராறு இல்லாம முடிச்சிடலாம்" என்றார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அக்கா ராயபுரத்துக்காரர். கட்டடம் எடை தாங்குமா என்று கம்ப்யூட்டரில் கணக்குப் பார்க்கும் இன்ஜினியர். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட நான், அவர் சொல்லச் சொல்ல எண்களைத் தட்டுவேன். யாரோடும் பேசமாட்டேன். "உனுக்கும் சேத்து நானே கத்திக்கிறேன், நீ தட்டு" என்பார்.

கூரையைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பீமின் ஒரு பகுதியில் மட்டும் எடை இருந்தால், அது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, இரண்டு இடத்திலும் எவ்வளவு கனம் என்று கொடுக்க வேண்டும். எந்த முனையிலிருந்து அளப்பது என்பதில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். ஒருமுறை அக்காவே மாற்றிப் போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "கலீஜ்! நம்ம வூட்டுக் குப்பைய எதிர்வூட்டாண்ட கொட்டிகீறேன் பாரு."

எண்ணூர் பருப்பு குடோனில் என் அம்மா புடைக்கும் வேலை செய்கிறார். அனல்மின் நிலையச் சாம்பல் காற்றில் வந்து, பக்கத்துக் கட்டடத்தின் உயரமான சுவரை ஒட்டி குடோன் கூரையில் குவியும். அந்தப் பக்கம் பீமைத் தாங்கும் செங்கல் தூணில் விரிசல். பார்க்கப் போன அக்கா கூரைமேல் ஏறினார். நனைந்த சாம்பல், செத்த எலி, காக்கை எச்சம். இறங்கி வந்து துப்பினார். எச்சிலும் சாம்பல் நிறம்.

"மன்சங்க தலைக்கு மேல இத்த வச்சிகினு, கீழ சாமி படம் மாட்டிகீறானுங்கோ. த்தூ!"

சுவரோரம் முழுக் கனம், பீமின் நடுவுக்கு வரும்போது ஒன்றுமில்லை. அப்படித்தான் கணக்கில் போடச் சொன்னார். விரிசல் தூண் தாங்காது, பக்கத்தில் இரும்புத் தூண் வேண்டும் என்று வந்தது. லாரி திரும்ப இடமிருக்காது என்று குடோன்காரர் மறுத்தார்.

"பீம் முழுக்க சமமா பரப்பி விடும்மா. மொத்த வெயிட் அதேதானே?" என்றார் முதலாளி.

"சாம்பல் இன்னா மெத்தையா சார், விரிச்சிப் போட? முக்காவாசிக்கு மேல அந்தத் தூண் தலைல கீது. பரப்பிட்டா பாதின்னு காட்டும்."

"ரொம்பப் பேசறே."

"நீங்க போயி அதுங்கீழ குந்திப் பாருங்க."

அதன்பின் அக்கா காமாலையில் படுத்தவர்தான், எழவில்லை.

சாவு வீட்டில் முதலாளி மாலை போட்டு, "தங்கமான பொண்ணு" என்று அழுதார். மறுநாள் அதே வாய் என்னிடம், "அந்த லோடை எடுத்துட்டுச் சமமா போடு" என்றது.

"மாட்டேன் சார்."

அவரே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். "எதை அமுக்கணும்? இதுவா?" என்று கேட்டார். நான் சொல்லவில்லை. வேறு ஆளை வரவழைத்து மாற்றி, 'தாங்கும்' என்று எழுதிக் குடோன்காரருக்கு அனுப்பிவிட்டார்.

நான் குடோனுக்குப் போனேன். ஒரு பலகையை இரண்டு பெண்களை ஆளுக்கொரு முனையில் பிடித்துத் தூக்கச் சொல்லி, பருப்பு மூட்டையை ஒரு முனையில் வைத்தேன்.

"அடிப்பாவி, என் கை போச்சு!" என்று அந்தப் பக்கத்துப் பெண் அலறினார்.

"மேல சாம்பல் அப்படித்தான் இருக்கு" என்றேன். ரெஜினா அக்கா சொன்னதையெல்லாம் சொன்னேன்.

இன்று காலை எல்லோரும் முறங்களோடு வெளியே வந்து வெயிலில் உட்கார்ந்துவிட்டார்கள். குடோன்காரர் வாசலில் நின்று கத்துகிறார். "தூண் வெய்யி நைனா, வர்றோம்" என்கிறார் அம்மா, புடைப்பதை நிறுத்தாமல்.

அந்த பீமுக்குக் கீழே இப்போது யாரும் இல்லை. போய் வாருங்கள், அக்கா.