அக்கா வீட்டுக்கு அடுத்த கதவு

எங்கள் பழைய வீடுகளை இடித்துவிட்டு மாநகராட்சி அதே இடத்தில் அடுக்குமாடி கட்டிக் கொடுத்தது. இரண்டு படுக்கையறை, உள்ளேயே கழிப்பறை, திருகினால் தண்ணீர். வீடு கிடைத்த அத்தனை பேரும் ஆடிப்பாடிக்கொண்டிருக்க, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றவள் நான் ஒருத்திதான்.

காரணம் அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை, பழைய இடத்தில் எங்களோடு ஒரே சுவரைப் பங்கு போட்ட தெலுங்குக்காரி. கட்டி முடியும்வரை வாடகைக்குப் போனபோதும் அடுத்தடுத்த அறைகளாகத்தான் பிடித்தோம். நான் போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டில் ஒரு மண்டியில் எடை போடுகிறேன். விடியுமுன் கிளம்பிவிட வேண்டும். கணவரும் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விடுவார். என் மகளை எழுப்பி, சாப்பாடு ஊட்டி, சடை பின்னிப் பள்ளிக்கு அனுப்புவது அக்காதான்.

குலுக்கலில் அக்காவுக்கு ஒரு பிளாக், எங்களுக்கு எதிர் பிளாக். இரண்டிலும் நான்காவது மாடி. சின்னப் பிள்ளையை இருட்டில் இறக்கி ஏற்றி தினமும் எப்படி அவளிடம் விடுவது? வேலையை விட்டுவிடுவது என்று முடிவே கட்டிவிட்டேன். மாநகராட்சி அதிகாரியிடம் மாற்றிக் கேட்டுப் பார்த்தேன். கேட்காத ஆளே இல்லை போலிருக்கிறது. “குலுக்கல்னா குலுக்கல்தாம்மா” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

சாவி கொடுக்கும் நாளில் வரிசை நீண்டுகொண்டே போனது. நல்ல நேரம் முடிந்துவிடும் என்று கணவர் பரபரத்தார். குழாய் சோதிப்பதற்காக எல்லா வீட்டையும் திறந்துதான் போட்டிருந்தார்கள். சாவி வராவிட்டால் என்ன, பாலைக் காய்ச்சிவிடலாம் என்று அடுப்பும் பாத்திரமுமாகக் கிளம்பினோம். முன்னால் அக்கா அரிசி மூட்டையோடு படியேறினாள். அவள் பின்னாலேயே போய், அவள் ஒரு கதவுக்குள் நுழைந்ததும் நாங்கள் அடுத்த கதவுக்குள் நுழைந்தோம். கிழக்குப் பார்த்து அடுப்பை மூட்டினேன். பால் அருமையாகப் பொங்கியது. மகள் கைதட்டினாள்.

வாசலில் ஓர் அம்மாள் பையோடு நின்றாள்.

“கைக்கு?” என்று உருதுவில் ஏன் என்று கேட்டாள். “என் வீட்டுல என்ன பண்றீங்க?”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். “உங்க வீடா? பால் பொங்கிடுச்சு, இது எங்க வீடு!” என்று எகிறினேன். சத்தம் கேட்டு ஓடிவந்த அக்கா எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஐயோ, இது என் பிளாக்கு! உங்களுது எதிர்ல!”

கணவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இத்தனை வருடமும் அக்காவுக்கு அடுத்த கதவில் நுழைந்த கால்கள், யோசிக்காமல் இங்கேயும் நுழைந்துவிட்டன. வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. அந்த அம்மாளோ சிரித்துவிட்டாள்.

“நல்லதாப்போச்சு. பால் ரெடி. டீ போடு.”

தரையில் உட்கார்ந்து டீ குடித்தபோதுதான் அவளும் மனம் திறந்தாள். அவள் தங்கைக்கு எதிர் பிளாக்கில் கிடைத்திருக்கிறது. எந்த மாடி என்று கேட்டேன். நான்காவது மாடி, எங்கள் வீட்டுக்கு மூன்றாவது கதவு. டீயைக் கீழே வைத்துவிட்டு, வீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

யாரோ வேறு வீட்டில் புகுந்துவிட்டார்கள் என்று புகார் போய், அதிகாரியே மூச்சிரைக்க ஏறி வந்தார். வீட்டை மாற்றித் தரச் சொல்லி நாங்கள் நால்வரும் ஒரே நேரத்தில் பேசினோம். “ஒருத்தர் ஒருத்தரா!” என்று கத்தினார். அக்கா அவர் கையில் ஒரு டீயைத் திணித்தாள். குடித்துக்கொண்டே யோசித்தார்.

“ரெண்டும் ஒரே அளவு, ஒரே மாடி. சாவியும் இன்னும் தரல. ரெண்டு பேருக்கும் சம்மதம்னா மேல கேட்டுப் பாக்கறேன்.”

“ஹவ்! சம்மதம்!” என்றாள் அந்த அம்மாள், அவர் முடிப்பதற்குள். சாயங்காலம் அனுமதி வந்தது. கணவர் முதல் சவாரியாக அவளுடைய சாமான்களை எதிர் பிளாக்குக்கு ஏற்றிப்போனார்.

மறுநாள் விடியுமுன் வேலைக்குக் கிளம்பும்போது பழக்கத்தில் சுவரைத் தட்டினேன். பழைய தகரச் சுவரைத் தட்டினால் அக்கா குரல் கொடுப்பாள். இது கான்கிரீட், சத்தமே இல்லை.  இன்னொரு முறை தட்டக் கையை ஓங்கினேன். அதற்குள் வாசலில் அக்கா, கையில் சீப்போடு.

“நேரமாகல? நீ கெளம்பு, பாப்பாவ நான் பாத்துக்கறேன்.”