கூரையில் ஒரு சாண் வழி

குவைத்தில் பின்னேரம் மூன்றரை மணி ஆகும்போது எங்கள் ஊர்ப்பக்கமான படுவான்கரையில் பொழுது சாயும். என் மனைவி வேலைக்கு நிற்கும் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுத் தூங்கும் நேரம் அது. அவளுக்கென்று ஒரு நாளில் கிடைக்கிற அரை மணி நேரமும் அதுதான். போன் எடுத்ததும் முதலில் என்னைச் சுகம் விசாரிக்க மாட்டாள்.

"இஞ்சாருங்க, கூரைப் பக்கம் காட்டுங்க. வெளிக்கிட்டிட்டுதுகளா?"

நான் போனைத் திருப்பி வீட்டின் பக்கச் சுவருக்கு நேரே பிடிப்பேன். சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே ஒரு சாண் அளவில் இடைவெளி இருந்தது. அதற்குள்ளிருந்து சின்ன வௌவால்கள் ஒவ்வொன்றாக விழுவதுபோல் வந்து, தரையில் படுமுன் எழும்பி, வட்டைப் பக்கம் பறந்துவிடும். வட்டை என்றால் எங்கள் வயல்வெளி. குவைத்தில் ஒரு குசினி அடுப்படியில் நின்றுகொண்டு அவள் அவற்றை எண்ணுவாள். நாற்பதுக்கு மேலே போனால் எண்ணிக்கை பிழைத்துவிடும், சிரித்துக்கொண்டு விட்டுவிடுவாள். அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காகவே நான் வயலில் இருந்து ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வருவேன். இதை அவளிடம் சொன்னதில்லை.

அவள் போனது வீட்டைக் கட்டி முடிக்கக் காசு தேடித்தான். பஸ் ஏறும்போது "வாறன்" என்றாள். எங்கள் பக்கத்தில், புறப்பட்டுப் போகிற யாரும் போறன் என்று சொல்வதில்லை. தொலைபேசியில் மட்டும் "சரி, வைக்கிறன்" என்பாள். இரண்டு வருசமாக எனக்குக் கிடைத்ததெல்லாம் அந்த "வைக்கிறன்" தான்.

சித்திரை வருசத்துக்கு வருவதாக இருந்தாள். அவள் நட்டுவிட்டுப் போன கொய்யா அந்த மார்கழியில்தான் முதன்முதலாகக் காய்த்தது. அவள் வரும்வரை அது காய்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று வீண் ஆசை எனக்கு. ஒருநாள் விடியப் பார்த்தால், மரத்தடி முழுக்கப் பாதி கடித்த பழங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "வௌவாலின்ட வேலை" என்றார்.

எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. கூரைக்குள் வௌவால், மரத்தடியில் வௌவால் கடித்த பழம். இதற்கு மேல் விசாரணை எதற்கு? அன்று பின்னேரம் அவை எல்லாம் வெளியேறும்வரை பார்த்திருந்தேன். ஏணி வைத்து ஏறி, உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்று டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பலகை வைத்து ஆணி அடித்தேன். எப்படியும் சீலிங் அடிக்கத்தானே போகிறோம், அவள் வரும்போது எச்சமும் நாற்றமும் இல்லாத வீடாக இருக்கட்டும் என்றும் நினைத்தேன்.

விடியற்காலை அவை திரும்பி வந்தன. பலகைக்கு முன்னால் சுற்றிச் சுற்றிப் பறந்தன. சில வந்து பலகையில் தொற்றிக்கொண்டு வழி தேடின. வெளிச்சம் வரும்வரை அப்படியே. நான் பல் விளக்கிக்கொண்டு நின்று பார்த்தேன். ஆணியைப் பிடுங்கவில்லை.

அன்று பின்னேரம் அவள் கேட்டதும், பெரிய சாதனை போலப் பலகையைக் காட்டினேன்.

"அப்ப இனி நான் என்னத்தப் பாக்கிற?"

வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு கூரையைக் காட்டச் சொல்லவில்லை. தை பிறந்தபோது, "இந்த வீட்டாக்கள் இன்னும் ஒரு வருசம் நிக்கச் சொல்றாங்க. யோசிக்கிறன்" என்றாள். நில்லாதே என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் தனியாக இருந்து அழுதேன் என்றால் ஊர் சிரிக்கும், ஆனால் அழுதேன்.

அந்தக் கிழமைதான் விவசாயப் போதனாசிரியர் வட்டைக்கு வந்தார். இளம் பிள்ளை. கதிர் வெளிவரும் பருவம். குருத்துப்புழு பார்க்க வந்தவர் தண்ணீர் குடிக்க எங்கள் வீட்டுக்கும் வந்தார். கூரைக்குள்ளிருந்து நான் வழித்துக் கொய்யா மரத்தடியில் கொட்டியிருந்த எச்சத்தைக் கண்டு, குந்தியிருந்து ஒரு துண்டை விரலால் நசுக்கினார். அது தூளாக உதிர்ந்தது. தூளுக்குள் பூச்சிச் செட்டைகள் மினுங்கின.

"அண்ணன், இதுக்குள்ள ஒரு கொட்டையாவது இரிக்கா? கொய்யா திண்டது ஆலமரத்தில தொங்குற பெரிய வௌவால். உங்கட கூரையில இருந்தது பூச்சி தின்னி. ஒரு இரவைக்குத் தன்ட பாரத்தில பாதிக்குக் கிட்டப் பூச்சி தின்னும். நெல்லில முட்டை போடுற அந்துப்பூச்சியும் அதுக்குள்ள அடக்கம்."

வௌவால் என்று ஒரே பெயரை வைத்துக்கொண்டு, ஒன்று செய்த குற்றத்துக்கு மற்றதைத் தண்டித்திருக்கிறேன். நாற்பது வருசமாக வயல் செய்கிறவன்! வயலுக்குப் பொறுப்பான எங்கள் வட்டை விதானை காவல் வந்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம். இவையோ ஒரு நாள் தவறாமல் காவலுக்குப் போய் வந்திருக்கின்றன. என் வீட்டு வௌவால்கள் இல்லாததால் வயல் அழிந்தது என்று சொல்ல மாட்டேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வாசலில் நுளம்புக்கடி மட்டும் கூடிப்போனது. ஆனால் எனக்கு வந்த நட்டம் நுளம்பில் இல்லை.

அன்றே பலகையைக் கழற்றினேன். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"மடையன்" என்றாள். புருசனை அப்படிச் சொல்கிறவள் இல்லை. "அந்த வீட்டக் கண்ண மூடி நினைச்சா, முதல்ல அதுகள்தான் பறக்கும். மறுகாத்தான் நீங்க."

தை முடிந்தது. மாசியில் வெள்ளாமை வெட்டினோம். தினமும் பொழுதுபடக் கூரைக்குக் கீழே நின்றேன். வழி வெறுமையாகவே கிடந்தது. அவள் கேட்கவுமில்லை; அந்த ஒரு வருசத்தைப் பற்றிச் சொல்லவுமில்லை. மேசன் சீலிங் அளக்க வந்தான். அந்த வழி இருந்த மூலையை விட்டுவிட்டு அளக்கச் சொன்னேன்.

"அதையும் மூடினாத்தானே வடிவு?"

"அதால ஆக்கள் வரவேண்டிக் கிடக்கு" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனான்.

பங்குனி தொடங்கி ஒருநாள், அவளோடு பேசிக்கொண்டு நிற்கும்போதே அந்த இடைவெளியில் ஏதோ அசைந்தது. ஒன்றும் சொல்லாமல் போனைத் திருப்பினேன். ஒரு வௌவால் விழுவதுபோல் வந்து எழும்பி வட்டைப் பக்கம் போனது. இருவரும் காத்திருந்தோம். வேறு வரவில்லை.

"ஒண்டுதானா?"

"ஒண்டுதான் புள்ள."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. உள்ளே யாரோ அவளை அரபியில் கூப்பிட்டார்கள்.

"சரி," என்றாள். "வாறன்."

போன் நின்றுவிட்டது. போகிறவர்கள் சொல்லும் வாறன் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது அது இல்லை; வரப்போகிறவளின் வாறன்.