அரியர் வந்த வீடு

செட்டியார்பட்டியில் பால்ச்சாமியின் வீட்டுச் சுவரில் 1985ஆம் ஆண்டு ஓர் ஆணி அடிக்கப்பட்டது. அதில் மாட்டுவதற்கு அப்போது எதுவும் இல்லை. மனைவி சண்முகத்தாய் பி.ஏ. வரலாறு படிக்க அஞ்சல் வழியில் சேர்ந்திருந்தாள். முதல் பாடப் பொட்டலம் தபாலில் வந்து இறங்கிய அன்றே பால்ச்சாமி சுத்தியலை எடுத்துவிட்டான். கறுப்பு அங்கி போட்டு, கையில் சுருட்டிய காகிதத்தோடு அவள் எடுத்துக்கொள்ளப்போகும் பட்டப் படத்துக்கான ஆணி அது. ராஜபாளையத்து மில் ஒன்றில் நூற்புப் பிரிவில் வேலை பார்த்த அவனுக்கு, எந்தக் காரியத்தையும் முடிவிலிருந்து ஆரம்பிப்பது வழக்கம்.

"பொட்டலத்தையே இன்னும் பிரிக்கலைங்க," என்றாள் சண்முகத்தாய்.

"நீ மெள்ளப் பிரி. ஆணி பாட்டுக்கு இருக்கட்டும்."

ஆணி பாட்டுக்கு இருந்தது. அதில் குடை தொங்கியது, ரேஷன் பை தொங்கியது, மழைக்காலத்தில் அவனுடைய மில் சட்டை காய்ந்தது. படம் மட்டும் வரவில்லை.

சண்முகத்தாய்க்கு அப்போது முப்பத்திரண்டு வயது. ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவு மையத்துக்கு அமைப்பாளர். பள்ளி இறுதி வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாகத் தேறியவள். அதற்குப் பரிசாக அடுத்த தை மாதமே கல்யாணம் செய்துவைத்தார்கள். பட்டம் இருந்தால் மேல்பதவி கிடைக்கும் என்று யாரோ சொல்லித்தான் விண்ணப்பம் போட்டாள். அப்படி ஒன்றும் கிடையாது என்பது சேர்ந்த இரண்டாம் மாதமே தெரிந்துவிட்டது. அதற்குள் படிப்பு பிடித்துப்போயிருந்தது. காரணம் தொலைந்த பிறகுதான் காரியம் சூடு பிடித்தது.

"ஏம்மா, பட்டம் வாங்கிச் சாம்பாரையா கிண்டப் போற?" என்று கேட்டார் பள்ளியின் தலைமையாசிரியர். ருசி பார்ப்பது விதி என்பதால் தினமும் நிறைந்த ஒரு தட்டு ருசி பார்ப்பவர் அவர்.

"ருசி பாக்குறது நீங்கதான சார். வாங்குன பொறவு வித்தியாசம் தெரியுதான்னு சொல்லுங்க," என்றாள் அவள்.

அவள் சேர்ந்த பல்கலைக்கழகம் சென்னையில் கடலைப் பார்த்தபடி நின்றது. நூறு வயதைத் தாண்டியது, செந்நிறக் கட்டடங்கள் கொண்டது என்று பாடப் புத்தகத்தின் மேலட்டைப் படம் சொன்னது. அவளோ, அவளுடன் படித்தவர்களோ அதை நேரில் பார்த்ததில்லை. பல்கலைக்கழகம்தான் இவர்களைப் பார்க்க வந்தது. வருஷத்துக்குப் பத்து ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆரம்பப் பள்ளியில் நேர்முக வகுப்பு. விரிவுரையாளர் காலையில் பிரெஞ்சுப் புரட்சியை ஒரு வழியாக முடித்துவிட்டு, எந்தக் கடையில் பால்கோவா நன்றாயிருக்கும் என்று விசாரிப்பார். வகுப்பிலிருந்த நாற்பது பேரில் பாதிப் பேருக்கு மீசை நரைத்திருந்தது. ஒன்றாம் வகுப்புப் பெஞ்சில் உட்கார்ந்தால் முழங்கால் முகவாயைத் தொட்டது.

இருந்தாலும் கல்லூரி என்றால் கல்லூரிதான். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே மாணவர் தேர்தல் நடந்தது. ராணுவத்தில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு, பென்ஷனோடு வத்திராயிருப்புக்குத் திரும்பியிருந்த இருளப்பசாமி சேர்மனாக வென்றார். எதிர்த்து நின்றவர் ஒரு போலீஸ்காரர். அன்று பந்தோபஸ்து டியூட்டி வந்துவிட்டதால் அவருடைய ஓட்டே அவருக்கு விழவில்லை. எதிரே இருந்த டீக்கடைக்குக் கேன்டீன் என்று பெயர் வைத்தார்கள். கடைக்காரருக்கு அது கடைசிவரை தெரியாது. அடுத்த வருஷம் ராகிங் கூட நடந்தது. மூன்று பிள்ளைக்குத் தகப்பனான ஒருவர், முதல் வருஷத்துக்காரர் என்ற குற்றத்துக்காக, பள்ளி வேப்பமரத்துக்குக் காதல் கடிதம் எழுதி வாசிக்க வேண்டியிருந்தது. வாசித்து முடித்ததும், ஊரில் தன் மனைவியிடம் கொடுக்க ஒரு நகல் கேட்டார் சேர்மன்.

சண்முகத்தாயைக் கேட்காமலே மெஸ் செக்ரட்டரி ஆக்கினார்கள்.

"படிக்க வந்த எடத்துலயும் சோறா அண்ணாச்சி?" என்று எழுந்தாள் அவள்.

"அனுபவத்துக்கு ஒரு மரியாத வேண்டாமாம்மா?" என்றார் இருளப்பசாமி.

"அப்ப நீங்க வாசல்ல துப்பாக்கியோட நில்லுங்க. ஒங்க அனுபவத்துக்கும் மரியாத செஞ்ச மாதிரி இருக்கும்."

அவளை நூலகச் செயலாளர் ஆக்கினார்கள். நூலகம் என்பது அவளுடைய மஞ்சள் பைதான். ஆனால் பதவி பதவிதானே.

முதல் வருஷத் தேர்வு முடிவு 1986இல் வந்தது. அதை முதலில் அறிந்தவர் இருளப்பசாமி. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் பால்ச்சாமியைப் பார்த்ததும், இழவு சொல்ல வந்தவர் போல அருகில் வந்து நின்றார்.

"ஒங்க வீட்டுக்காரம்மாவுக்கு மூணு அரியர் விழுந்திருக்கு."

"மூணா!"

"மனசத் தளர விட வேண்டாம்னு சொல்லுங்க. எனக்கே ஒண்ணு இருக்கு."

"ஒங்களுக்கு ஒண்ணுதானா?" பால்ச்சாமிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "கவலப்படாதீங்க அண்ணாச்சி. அடுத்த வருசம் கூடவே வரும்."

இருளப்பசாமி அந்த ஆறுதலை என்ன செய்வதென்று தெரியாமல் வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

கல்லூரிப் பாஷையில் அரியர் என்றால் தேறாமல் பாக்கி நிற்கும் பாடம். மில் பாஷையில் அது வேறு. அந்த மாதம்தான் கூலி ஒப்பந்தம் கையெழுத்தாகி, பழைய மாதங்களுக்கான சம்பள உயர்வு மொத்தமாகக் கைக்கு வந்திருந்தது. அதற்குப் பெயரும் அரியர்தான். ஒரு வாரமாக மில்லில் அந்தச் சொல்லை உச்சரிக்கும்போதே எல்லோர் முகமும் மலர்ந்தது. தனக்கு ஒரு அரியர், சத்துணவில் இருக்கும் மனைவிக்கு மூன்று என்றால் பால்ச்சாமி என்ன செய்வான்? லட்டு வாங்கி ஷிப்டு முழுக்கக் கொடுத்தான். "எம் பொஞ்சாதிக்கு மூணு அரியர்லே!" என்று ஒவ்வொருவனிடமும் தனித்தனியாகச் சொன்னான்.

சண்முகத்தாய் மையத்தைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். பக்கத்து வீட்டு வெள்ளத்தாய் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, மூணு அரியராம்ல! கமுக்கமா இருந்துட்டியே!"

சண்முகத்தாய் சிரித்து வைத்தாள். உள்ளே போய்க் கதவை ஒருக்களித்துவிட்டு, புருஷனைப் பார்த்தாள்.

"அரியர்னா என்னன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியாம என்ன? வர வேண்டியது மொத்தமா வாரது."

"நான் பெயிலுங்க. மூணு பாடத்துல."

பால்ச்சாமியின் கையில் கடைசி லட்டு இருந்தது. அதைத் தின்பதா, வைப்பதா என்று தெரியவில்லை. "அதப் பெயில்னு சொல்ல வேண்டியதுதான? ரெண்டுக்கும் ஒரே பேர வச்சா மனுசன் என்ன கண்டான்? இப்ப என்ன செய்யட்டும், போய் லட்டத் திருப்பிக் கேக்கவா?"

அழுவதற்காகத் திறந்த வாயில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"யார்ட்டயும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். தின்னவன் தின்னதாவே இருக்கட்டும். நான் அத முடிச்சிருதேன்."

அன்றிலிருந்து அது வெறும் படிப்பாக இல்லை. ஒரு ஊரே வாழ்த்திவிட்டுப் போன தோல்வியை யாருக்கும் தெரியாமல் வெற்றியாக மாற்றியாக வேண்டும். இரண்டு வரலாற்றுத் தாள்களை அடுத்த வருஷமே முடித்தாள். 1988இல் மூன்றாம் வருஷப் பாடங்கள் அத்தனையும் தேறினாள். முதல் வருஷத்து ஆங்கிலம் மட்டும் நகரவில்லை. தேற முப்பத்தைந்து வேண்டும்; அவளுக்கு முப்பத்தொன்று வந்தது, முப்பத்துமூன்று வந்தது, பிறகு இருபத்தொன்பது. மில்லில் ஒவ்வொரு வருஷமும் அக்கறையாக விசாரித்தார்கள்.

"இந்த வருசம் வீட்ல அரியர் எத்தன?"

"ஒண்ணு," என்பான் பால்ச்சாமி, தரையைப் பார்த்தபடி.

"அடப் பாவமே, கொறச்சுட்டானுவளே!"

தடுக்கி விழும் இடம் எதுவென்று அவளுக்குத் தெரியும். கட்டுரை. 'உங்கள் கல்லூரி வளாகம்' என்ற தலைப்பு ஏதாவது ஒரு வேஷத்தில் வருஷம் தவறாமல் வந்தது. கைடு புத்தகத்தில் அதற்கு இரண்டு பக்க விடை இருந்தது: கடற்காற்று, பசும்புல்தரை, நடுவில் நீரூற்று, வானுயர்ந்த மணிக்கூண்டு. மனப்பாடமாக ஒப்பிப்பாள். தேர்வறையில் புல்தரை வரை ஒழுங்காகப் போவாள். நீரூற்றைத் தாண்டி வலது பக்கம் திரும்புவதா இடது பக்கம் திரும்புவதா என்று மறந்துபோகும். கண்ணால் பார்க்காத இடத்தில் வழி தவறினால் யாரிடம் கேட்பது?

1990 பிப்ரவரியில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பழைய பாடத்திட்டத்தில் ஆங்கிலம் எழுத மே மாதமே கடைசி வாய்ப்பு. தவறினால் புதிய பாடத்திட்டத்தில் இரண்டு வருஷ ஆங்கிலத்தையும் முதலிலிருந்து எழுத வேண்டும். அதைப் படித்துக் காட்டியபோது பால்ச்சாமி சுவரைப் பார்த்தான். ஆணியில் அன்று குடை தொங்கியது. எழுந்து போய்க் குடையை எடுத்து மூலையில் சாத்தினான். அவனால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

மே மாதம் ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் தேர்வு. வினாத்தாளைப் பிரித்தாள். எட்டாவது கேள்வி: 'உங்கள் கல்லூரியையும் அங்கே கழியும் ஒரு நாளையும் பற்றி எழுதுக.' கடற்காற்று, பசும்புல்தரை, நீரூற்று. பேனா நின்றது. வலமா, இடமா? ஜன்னல் வழியாக மைதானம் வெயிலில் வெந்துகொண்டிருந்தது. சண்முகத்தாய்க்குக் கோபம் வந்தது. ஐந்து வருஷமாக அந்த நீரூற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் குடித்ததில்லை. எழுதிய நாலு வரியையும் குறுக்கே அடித்தாள்.

பிறகு அவள் எழுதிய ஆங்கிலத்துக்குத் தமிழில் சுமாராக இதுதான் பொருள்: 'எங்கள் கல்லூரிக்கு மணிக்கூண்டு கிடையாது. பத்து ஞாயிற்றுக்கிழமை உண்டு. பெஞ்சு சிறியது, மாணவர்கள் பெரியவர்கள். எங்கள் சேர்மனுக்கு நாற்பத்துநாலு வயது. எங்கள் கேன்டீனுக்குத் தான் கேன்டீன் என்று தெரியாது. நூலகம் என் தோளில் தொங்குகிறது. மாலையில் பஸ் ஏறும்போது கல்லூரியையும் கையோடு கொண்டுபோய்விடுகிறோம். திங்கட்கிழமை குழந்தைகளுக்கு அந்தப் பெஞ்சு வேண்டும்.' இதில் எத்தனை இடத்தில் இலக்கணம் சரிந்தது என்பது திருத்தியவருக்கே வெளிச்சம். ஆனால் இந்த முறை எங்கும் வழி தவறவில்லை. கேட்டுக் கேட்டு மூன்று முறை கூடுதல் தாள் வாங்கினாள்.

ஆகஸ்டில் தபால் வந்தது. ஐம்பத்திரண்டு.

மையத்தில் குழந்தைகள் தட்டோடு உட்கார்ந்திருந்த நேரம். வரிசையாகப் பரிமாறிக்கொண்டே போய், தலைமையாசிரியரின் தட்டுக்கு வந்தபோது கரண்டியைச் செத்த நேரம் அந்தரத்தில் நிறுத்தினாள்.

"என்னம்மா?"

"சாம்பார் அதேதான் சார். கிண்டுனது பி.ஏ."

அவர் ருசி பார்த்தார். வித்தியாசம் தெரிந்ததா என்று சொல்லவில்லை. ஆனால் மறுநாள் வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து கூடியிருந்தது, அவருடைய கையெழுத்தில்.

சென்னைப் பட்டமளிப்பு விழாவுக்கு யாரும் போகவில்லை. பட்டம் அடுத்த வருஷம் தபாலில் வந்தது. ஆனால் விழா இல்லாமல் விட சேர்மன் சம்மதிப்பாரா? தான் எப்போதோ தேறிவிட்ட பிறகும் பதவியை விடாமல் வைத்திருந்தவர் அவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளி வேப்பமரத்தடியில் கூட்டினார். பட்டதாரிகள் பதினொரு பேர். ராஜபாளையம் ஸ்டுடியோவிலிருந்து வாடகைக்கு வந்த அங்கி ஒன்று. ஒருவர் கழற்ற ஒருவர் போட்டு நடந்தார்கள். கடைசியாக சண்முகத்தாய். அங்கி தரையைப் பெருக்கியது. "சாவ்தான்!" என்று இருளப்பசாமி போட்ட ராணுவச் சத்தத்தில் முதல் வருஷத்துக்காரர்கள் விறைத்து நின்றார்கள், போலீஸ்காரர் பழக்கதோஷத்தில் சல்யூட்டே அடித்துவிட்டார். டீக்கடைக்காரரும் வாசலுக்கு வந்து கைதட்டினார், தன் கேன்டீனின் சார்பில் என்று அறியாமலே. அந்தக் கைதட்டலில் அவள் நடந்தது பன்னிரண்டடி தூரம்தான். செட்டியார்பட்டியிலிருந்து அதற்கு ஆறு வருஷம் ஆகியிருந்தது.

ஐம்பத்திரண்டு எப்படி வந்தது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு உண்டு. கட்டுரைதான் கரையேற்றியது என்பது சேர்மன் கட்சி. "அதெல்லாம் இல்ல அண்ணாச்சி. கேள்வித்தாள்ல லீவு லெட்டரும் எழுதச் சொல்லியிருந்தான். அத நான் சர்வீஸ் முழுக்க எழுதிக்கிட்டுல்லா இருக்கேன்," என்பது அவள் கட்சி.

படம் எடுக்க ஸ்டுடியோவுக்கு உண்மைப் பட்டத்தையே கொண்டுபோயிருந்தாள். சுருட்டினால் மடிப்பு விழுந்துவிடும் என்று ஸ்டுடியோக்காரர் அதை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, பழைய காலண்டர் தாளைச் சுருட்டிக் கையில் கொடுத்தார். ஆகவே பால்ச்சாமி வீட்டு ஆணியில் தொங்கும் படத்தில் எல்லாம் உண்மை, பட்டத்தைத் தவிர.

படம் ஏறிய அன்று பால்ச்சாமி மறுபடியும் லட்டு வாங்கிக்கொண்டு மில்லுக்குப் போனான். பாதிக்கு மேல் திரும்பக் கொண்டுவந்தான்.

"யாரும் வாங்கலையா?"

"நாந்தான் ஒழுங்காச் சொன்னேன், வீட்ல அரியர் எல்லாம் தீந்துபோச்சுன்னு. ஒருத்தனும் லட்டத் தொட மாட்டேங்குதான். 'மனசத் தளர விடாதண்ணே'ங்கான். யூனியன்ல ஒரு மனு எழுதிக் குடுக்கச் சொல்லுதானுவ."

சண்முகத்தாய் லட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். "அப்படியே இருக்கட்டும் விடுங்க. பெயிலானதுக்குத்தான் எல்லாரும் வாழ்த்திட்டாங்கள்ல."

ஒரு லட்டை எடுத்துப் புருஷனிடம் கொடுத்தாள். ஐந்து வருஷத்துக்கு முன் பாதியில் நின்றுபோன கை, இந்த முறை தயங்கவில்லை.