ஒரே அறையில் இரண்டு வகுப்பு

இன்று காலை டவுன் பஸ்ஸில் எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, மகளை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நான் ஓய்வு பெற்ற அதே பள்ளியில்தான், சிஸ்டர்கள் நடத்தும் அந்தச் சின்ன ஆரம்பப் பள்ளியில், குழந்தை இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் ஒரே பிள்ளை.

"டி.சி. வாங்கிடலாம்னு இருக்கேன் டீச்சர். புள்ளைங்க கம்மின்னு ரெண்டாவதையும் மூணாவதையும் ஒரே ரூம்ல உக்கார வச்சிட்டாங்க. ஒரு சிஸ்டரே ரெண்டுக்கும் பாடம் எடுத்துகினு இருக்காங்க. எப்படிங்க படிப்பு ஏறும்?"

என்னிடம் ஓர் உதாரணம் எப்போதும் தயாராக இருக்கும்.

"ஒரு அடுப்புல சோறு கொதிக்கும்போது இன்னொண்ணுல குழம்பு தாளிக்கிறீங்க இல்லம்மா? அப்படித்தான். மூணாவதுக்குக் கணக்கு நடக்கும்போது ரெண்டாவது எழுதிக்கிட்டு இருக்கும்."

"சோறு அடிபிடிச்சா, டீச்சர்?"

அதற்குப் பதில் குழந்தைதான் சொன்னாள்.

"அதுக்குத்தாம்மா எங்க பெஞ்சுல ஒரு மூணாவது அக்கா உக்காருவாங்க. எனக்குக் கழித்தல் வரலன்னா அவங்க சொல்லித் தருவாங்க. அடுத்த வருஷம் நான்தான் அந்த அக்கா. டி.சி. வாங்கிட்டா நான் எப்படி அக்கா ஆவறது?"

இறங்கும் இடம் வந்ததும் அம்மா மகளின் ரிப்பனை இழுத்துக் கட்டினார்.

"சரி, மொதல்ல அக்கா ஆவு. அப்புறம் பாக்கலாம்."

வேலையில் இருந்த காலமெல்லாம் பெற்றோரிடம் அந்த அடுப்பு உதாரணத்தைத்தான் சொல்லி வந்தேன். அடிபிடித்தால் என்ன செய்வது என்று இன்றுதான் ஒருவர் கேட்டார். இதைவிட நல்ல உதாரணம் இருந்தால் சொல்லுங்கள். நாளைக்கும் அதே பஸ்தான்.