லாரி கிழக்குக்கு, ஹோஸ் மேற்குக்கு

என் மாமா, அம்மாவின் தம்பி, இரண்டு நகராட்சிகளுக்கும் பொதுவான, சாக்கடை உறிஞ்சும் லாரியின் ஓட்டுநர். பிறந்தது ஆற்றுக்குக் கிழக்கே, பெண் எடுத்தது மேற்கே. அதனால் இரண்டு கரையிலும் அவரை நம்ப ஆளில்லை.

"என்னப்பா, மாமியார் வீட்டுத் தெரு மணக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டியா?" என்பார் கிழக்கே டீக்கடைக்காரர்.

மேற்கே மச்சினன் விடமாட்டான். "பொண்ணு எடுக்க எங்க ஊரு, சாக்கடை எடுக்க உங்க ஊரா மச்சான்?"

ஒப்பந்தப்படி லாரி ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே. மழைக்காலத்தில் யாருடைய வாரம் என்ற சண்டை முற்றி, இரு நகராட்சித் தலைவர்களும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். லாரியை வாங்கியது கிழக்கு. லாரியும் ஓட்டுநரும் கிழக்குக்கு. பம்பையும் ஹோஸையும் வாங்கியது மேற்கு. கழற்றி எடுத்துப் போனார்கள். எவ்வளவோ ஊர் சுற்றி வந்திருக்கிறேன், இத்தனை கேவலமான வீம்பை எங்கும் பார்க்கவில்லை. வாயில்லாத லாரி ஒரு கரையில், வயிறில்லாத குழாய் மறு கரையில்.

கிழக்கே பள்ளிக்கூட வாசலில் சாக்கடை பொங்கியது. மேற்கே பிரசவ வார்டுக்குள்ளேயே நுழைந்தது. லாரி ஆற்றைத் தாண்டினால் வேலை போய்விடும் என்று மாமாவுக்கு எச்சரிக்கை.

மறுநாள் காலை மாமா லாரியைப் பாலத்தின் நடுவில் குறுக்கே நிறுத்திவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். இரண்டு பக்கமும் வண்டிகள் அலறின. தலைவர்கள் ஓடி வந்தார்கள்.

"எடுய்யா வண்டியை!" என்றார் கிழக்குத் தலைவர்.

"ஹோஸ் வரட்டுங்க."

"உனக்கென்ன கிறுக்கா?" என்று மேற்குத் தலைவர் கத்தினார்.

"இருக்காதா? ரெண்டு ஊர்த் தண்ணியும் குடிச்சவனாச்சே."

மதியத்துக்குள் ஹோஸும் பம்பும் வந்தன. மாமா முதலில் பிரசவ வார்டு, பிறகு பள்ளிக்கூடம் என்று அள்ளி முடித்தார். நன்றி சொல்ல ஒரு நாய்கூட வரவில்லை. டீக்கடைக்காரர் மட்டும் வந்தார்: "முதல்ல அங்கதானே போனே?"

மாலையில் வேலைநீக்க உத்தரவு வந்தது. அத்தை தாளைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கானுங்க!"

"ம். இதுக்கு மட்டும் ஒத்துமை."

"இனிமே லாரியை யாரு ஓட்டுவாங்களாம்?"

"எந்த ஊர் ஆளைப் போடறதுன்னு சண்டை ஆரம்பிச்சாச்சு," என்றார் மாமா, முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்தபடி.