ஒரே இழுப்பில் ஆறு தந்தி

நாளை நண்பனின் கல்யாண விருந்தில் கிட்டார் வாசிக்க ஒப்புக்கொண்டுவிட்டேன். கற்க ஆரம்பித்ததே இந்த மழைக்காலத்தில்தான்.

தந்தி மீட்டும் வில்லையான பிக்கை ஆறு தந்திகளின் மேலும் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும், ஒவ்வொரு சுரமும் தனியாகக் கேட்க வேண்டும். எனக்கோ எல்லாம் ஒன்றாகக் குழம்புகிறது.

இன்று எங்கள் தீவின் டாலிகஞ்ச் பஸ்ஸில் முழங்கால்மேல் கையை இழுத்து இழுத்து அதையே பழகிக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த பெங்காலி அம்மா பதறிப்போய், "பேட்டா, தபியத் டீக் ஹை?" என்று உடம்புக்கு என்னவென்று இந்தியில் விசாரித்தார்.

"குச் நஹி, கிட்டார்", ஒன்றுமில்லை என்றேன்.

கண்டக்டர் திரும்பினார். "அட, நாளைக்கு வாசிக்கிறது நீதானா தம்பி? நான் கல்யாணப் பொண்ணுக்குச் சித்தப்பா. மெயின்லேண்ட்ல இருந்து கப்பல்ல வந்த சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் சொல்லி வச்சிருக்கேன்!"

"கொஞ்சம் மெதுவாத்தான் வாசிப்பேன் அண்ணே."

"மெதுவாவா? அப்ப நாங்க எப்படி ஆடுறது?"

ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிட்டேன்.

நாளை விருந்துக்கு வருகிறவர்களில் யாருக்காவது பாட வருமா? நன்றாக வேண்டாம், சத்தமாக வந்தால் போதும்.